யோகர் சுவாமிகளும் அன்றாடக் கடமையும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி செயலாளர் அக்கா கேட்டபோது, வைத்தியர் என்றபடியால் நீரிழிவு பற்றியோ குருதியமுக்கம் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றி நாள்தோறும் பேசிக் களைத்துப் போயிருக்கிறேன். அதனால் வேறொன்றை எழுத அனுமதி கேட்டேன். பாடசாலையில் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் நற்சிந்தனைப் பாடல்களை நாங்கள் பாடிய நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாதிப் பேருக்கு வாய் பாடும், கண் மணிக்கூட்டில் இருக்கும். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அம்மம்மாவின் பையில் காணி உறுதிகளோடு நற்சிந்தனைப் புத்தகமும் இருந்தது. அதைப் பாடியவர் யார் என்று எனக்கு அக்கறை வந்தது பல ஆண்டுகள் கழித்து, கிளிநொச்சியில் வேலை பார்த்த காலத்தில்தான். அவரும் ஒரு காலத்தில் கிளிநொச்சியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்.

யோகர் சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் மாவிட்டபுரத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். கொழும்புத்துறையில் உறவினர் வீட்டில், மாமியின் கைப்பாட்டில் வளர்ந்தார். படித்தது யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில். பின்னர் மஸ்கெலியாவில் தந்தையார் நடத்திய கடையில் சில காலம் உதவியாக இருந்தார். வியாபாரம் அவருக்கு ஒத்துவரவில்லை. அந்த வயதுக் கதைகள் பல உண்டு, அவற்றை நான் இங்கே நீட்டவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த காலம். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியக் காப்பாளராக அவர் வேலைக்குச் சேர்ந்தார். இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கியது; அவர் அங்கே இருந்தது அந்தக் காலம். சுற்றிவரக் காடு, காய்ச்சல், ஆள் நடமாட்டம் குறைந்த இடம். களஞ்சியக் காப்பாளர் என்றால் காலையில் ஆயுதங்களை எண்ணிக் கொடுக்க வேண்டும், மாலையில் எண்ணி எடுக்க வேண்டும், புத்தகத்தில் பதிய வேண்டும். ஒரு மண்வெட்டி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பகலில் அந்தக் கணக்கு, இரவில் தியானம் என்று அவருடைய நாள் போனதாகச் சொல்வார்கள். சில இரவுகளில் படுக்காமலே இருந்துவிட்டு விடிந்ததும் களஞ்சியத்துக்குப் போய்விடுவாராம்.

சுவாமிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காலத்தை இரண்டு வரியில் தாண்டி, நல்லூர்த் தேரடிக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த எண்ணுகிற வேலை வீணாகப் போன காலம் அல்ல என்று நினைக்கிறேன். கிளிநொச்சியில் இரவுக் கடமை முடிந்து விடியற்காலையில் விடுதியின் மருந்து இருப்புப் புத்தகத்தில் கையெழுத்திடும்போது, ஒவ்வொரு குப்பியையும் பார்த்து எண்ணுவதற்கும் நேற்றைய எண்ணைப் பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். கவனம் இருந்ததா இல்லையா என்பது வெளியில் தெரியாது, எங்களுக்கு மட்டுந்தான் தெரியும். பல ஆண்டுகள் அப்படி எண்ணிப் பழகிய ஒருவர்தான் பிறகு தன் மனத்தையே எண்ணிப் பார்க்கப் போனார்.

1897ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தார். அவரைக் கேட்கத் திரண்டவர்களில் இளைஞரான இவரும் ஒருவர். அந்தப் பேச்சு மனதில் தைத்தது உண்மை. ஆனால் அவருடைய குரு மேடையில் நின்று பேசுகிற மனிதராக வரவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் கந்தலோடு கிடந்த, ஊரார் விசரர் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகள்தான் அந்தக் குரு. கடையிற் சுவாமிகளின் சீடர். ஒரு காலத்தில் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். 1905இல் ஒரு நாள் தேரடிப் பக்கமாக நடந்துபோன களஞ்சியக் காப்பாளரை நோக்கி, நீ யார் என்று கேட்டு அவர் அதட்டினார். வழியில் போகிற எவரையும் கேட்கக்கூடிய கேள்விதான். இவருக்கு அது வழிக் கேள்வியாகப் படவில்லை, அவ்விடத்திலேயே நின்றுவிட்டார்.

அதன் பிறகு உத்தியோகத்தை விட்டார். திடீரென்று போட்டுவிட்டு ஓடவில்லை, தன் இடத்துக்குத் தன் உறவினர் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டே வந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. களஞ்சியத்தைக் கணக்கோடு ஒப்படைத்துவிட்டுத்தான் துறவுக்குப் போயிருக்கிறார்.

செல்லப்பா சுவாமிகளிடம் இருந்த ஆண்டுகள் இலேசானவை அல்ல. அவர் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏசுவார், துரத்துவார், மைல்கணக்காக வெயிலில் நடக்க வைப்பார். பசியோடு இருக்கும்போது சோறும் கறியும் தானே சமைப்பார், வெந்து மணம் வந்ததும் பானையைப் போட்டு உடைத்துவிடுவார் என்று ஒரு கதை. இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது அரிசி நிவாரண அட்டையில் வந்தது. சோறு சமைத்து உடைப்பதில் என்ன ஞானம் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். அவ பதில் சொல்லாமல் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. இன்றும் அந்தக் கதையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு காரியத்தை முழுமனதோடு செய்துவிட்டு அதன் பலனை எங்கள் கண்முன்னே இழக்கிற அனுபவம் விடுதியில் வேலை செய்கிற எவருக்கும் புதியது அல்ல.

1910 அளவில் யோகர் சுவாமிகள் கிழக்குக் கரையோரமாகக் கால்நடையாகவே கதிர்காமம் போய்த் திரும்பினார். வந்தவர் கொழும்புத்துறைச் சந்தியில் நின்ற இலுப்பை மரத்தின் கீழ் அமர்ந்தார். மழைக்கும் வெயிலுக்கும் அந்த மரமே கூரை. சில ஆண்டுகள் அப்படியே போயின. அன்பர்கள் வற்புறுத்திய பிறகுதான் பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டிலுக்கு மாறினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதுவே அவருடைய இருப்பிடம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முறைப்பாடு இருந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். மரத்தடியில் போய் இருப்பது ஆண்களுக்குக் கிடைத்த வசதி. தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தெடுத்த மாமி அடுப்படியை விட்டு எந்த மரத்தடிக்கும் போகவில்லை. சுவாமியின் வரலாற்றில் பெயர் பெற்றவர்களும் பெரும்பாலும் ஆண்களே. இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார், மாதத்தில் எட்டு இரவுக் கடமை என்று வைத்துக்கொண்டு, தியானம் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அந்த முறைப்பாடு பாதியாகக் குறைந்தது, சுவாமிகள் தன்னிடம் வந்தவர்களை என்ன செய்தார் என்று வாசித்தபோது. தான் உத்தியோகத்தை விட்டவர், மற்றவர்களை விடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் துறந்துவிட்டு இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று வந்தவர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பினார். ஆசிரியர் பாடசாலைக்கும் சட்டத்தரணி நீதிமன்றத்துக்கும் கமக்காரன் வயலுக்கும் திரும்பிப் போக வேண்டும். செய்கிற வேலையைச் சிவனுக்குச் செய்கிற தொண்டாகச் செய்ய வேண்டும். இதைத்தான் அவர் சிவதொண்டு என்றார். தியானத்துக்கென்று ஒரு சிறு நேரம் ஒதுக்கச் சொன்னார். மிச்ச நேரத்தில், கை வேலை செய்யும்போது மனம் எங்கே திரிகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். சும்மா இருத்தல் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதற்கு அவர் கொடுத்த பொருள், வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது அல்ல. வேலை நடக்கும்போது உள்ளே அலையாமல் இருப்பது.

அவர் மேடையேறிப் பிரசங்கம் செய்தவர் அல்லர். தன் கையால் புத்தகம் எழுதி வெளியிட்டவரும் அல்லர். பேச்சோடு பேச்சாகப் பாட்டு வரும். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள். அவைதான் நற்சிந்தனை. பண்டிதர் உதவி இல்லாமல் ஒரு சிறுமி விளங்கிக்கொள்ளக்கூடிய தமிழ் அது, அதனால்தான் எங்கள் பிரார்த்தனை மண்டபத்துக்கும் வந்தது. 1935இல் சிவதொண்டன் என்ற மாத இதழ் தொடங்கியது. 1953இல் யாழ்ப்பாணம் காங்கேசன்துறை வீதியில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. பின்னர் மட்டக்களப்பில் செங்கலடியிலும் ஒன்று எழுந்தது.

கொட்டிலுக்கு விடியற்காலையிலேயே ஆட்கள் வருவார்கள். கற்பூரமும் பழமும் கொண்டு வருவார்கள், தேவாரம் பாடுவார்கள். சிலரோடு அன்பாகப் பேசுவார், சிலரை வாசலிலேயே ஏசித் துரத்துவார். பெரிய உத்தியோகத்தர், கூலி வேலை செய்பவர் என்ற வித்தியாசம் ஏச்சில் இருக்கவில்லை. ஊரெல்லாம் நடப்பார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்து, அந்த வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். வெளிநாட்டவரும் வந்தார்கள். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் அவருக்கு அன்பராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு செங்கலடியில் வாழ்ந்தார். மனதில் நினைத்ததைச் சொன்னார், நோயைத் தீர்த்தார் என்ற அற்புதக் கதைகளும் ஏராளம். வைத்தியராக அவற்றில் எனக்கு அதிக அக்கறை இல்லை. அவரைப் பற்றிய கதைகளில் என்னை அதிகம் தொட்டது, அவர் தானே நோயாளியாகக் கிடந்த கதை.

1961 பெப்ரவரியில் ஒரு மாலை. சுவாமிகளுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. வள்ளி என்று ஒரு பசு அவரிடம் இருந்தது. அதற்கு வாழையிலை கொடுக்கப் போனபோது பசு தள்ளி அவர் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தார். வீடு திரும்பிய பிறகும் அவருடைய வாழ்வு சக்கர நாற்காலியில்தான்.

இடுப்பு முறிந்த முதியவர்களை நான் கிழமைதோறும் பார்க்கிறேன். இன்று சத்திரசிகிச்சை செய்து ஓரிரு நாளில் எழுப்பி உட்கார வைக்கிறோம். அப்படியிருந்தும் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். வலியை விட அவர்களை வருத்துவது, மலசலத்துக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருப்பது. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். சாப்பிட மாட்டார்கள். அதற்கு நாங்கள் எழுதிக் கொடுக்க மருந்து இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், அந்த வயதில், எலும்பு பொருந்தும்வரை மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பது என்றால் என்ன என்பதை என் தொழில் அறிவு எனக்குச் சொல்கிறது. படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் குருதி உறைதல். தப்பியதே பெரிய விஷயம்.

வாழ்நாள் முழுவதும் நடந்த மனிதர் அவர். கதிர்காமத்துக்கு நடந்தவர், குடாநாட்டின் ஒழுங்கைகளை எல்லாம் கால்களால் அறிந்தவர். ஒருவரிடமும் எதுவும் எதிர்பாராமல் மரத்தடியில் இருந்தவருக்கு, ஒரு குவளை தண்ணீருக்கும் பிறர் கை வேண்டியதாயிற்று. அந்த மூன்று ஆண்டுகளிலும் அவர் வந்தவர்களைப் பார்த்தார், பேசினார், பாடக் கேட்டார், ஏச வேண்டியவர்களை ஏசினார். நடமாட்டம் நின்றுபோனதே தவிர அவருடைய நாள் மாறவில்லை. பலன் உடைந்தபோதும் குலையாமல் இருக்கச் செல்லப்பா சுவாமிகள் பானையை உடைத்துப் பழக்கியது இதற்காகத்தானோ என்று, அந்தக் கதையோடு கோபித்துக்கொண்டிருந்த நானே ஒரு நாள் விடுதியில் நினைத்தேன். தன் உடம்பைப் பிறர் கழுவித் துடைக்க விட்டுக்கொடுப்பது மரத்தடியில் இருப்பதை விடக் கடினமான தவம். அதைச் செய்வதற்கு எவரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, வயது வந்தால் அது எங்களைத் தேடி வரும்.

1964 மார்ச் 24ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அதிகாலையில், தொண்ணூற்றோராவது வயதில் சுவாமிகள் சமாதியடைந்தார். பங்குனி மாதத்து ஆயிலிய நட்சத்திரம். அந்த நாளிலேயே இன்றும் அவருடைய குருபூசை நடக்கிறது.

சென்ற வருடம் குருபூசைக்கு அடுத்த நாள் சிவதொண்டன் நிலையத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. மேல்மாடித் தியான மண்டபத்தில் பேசக்கூடாது என்பது அங்குள்ள ஒழுங்கு. கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு இருந்தேன். முதல் பத்து நிமிடமும் என் மனம் விடுதியில்தான் நின்றது. ஏழாம் கட்டிலில் இடுப்பு முறிந்த ஆச்சி ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தாதியிடம் வாங்கி நானே ஊட்டிப் பார்த்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. ஏழு மணிக்கு எழுந்து கடமைக்குப் போனேன். ஆச்சி அன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.