நீரிழிவு மருத்துவ முன்னோடி

நோய் வந்தபின் மருந்து தேடுவோர் பலர். அது வரும் வழியை ஆராய்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சென்னையில் வாழ்ந்த பேராசிரியர் எம். விசுவநாதன். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பெருமை அவருக்கு உண்டு.

1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவாளர்க்குப் புதுவாழ்வு பிறந்தது. ஆயினும், நம் நாட்டில் அந்நோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு நெடுநாள் அமையவில்லை. அக்குறை நீங்க, 1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவை விசுவநாதன் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தாம் நிறுவிய மருத்துவமனையை 1971இல் நீரிழிவுக்கே உரியதாக்கி, ஆராய்ச்சிக்கும் அங்கு இடம் வகுத்தார்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள சர்க்கரையை உயிரணுக்கள் ஏற்குமாறு ஏவுகிறது. அவ்வேவலுக்குச் சிலருடைய உடல் எளிதில் இணங்கும். சிலருடைய உடல் இணங்காது. இணங்காதபோது கணையம் மேன்மேலும் சுரந்து, நாளடைவில் தளரக்கூடும். அப்போது குருதியில் சர்க்கரை மிகும். இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகிறது. உணவும் உழைப்பின்மையும் இதற்குக் காரணங்கள். குடிவழியும் ஒரு காரணமாகுமோ?

இவ்வினாவை ஆராய முற்பட்ட விசுவநாதன், தாய் தந்தை இருவரும் நீரிழிவு உற்ற குடும்பங்களைத் தேர்ந்தார். அவர்தம் பிள்ளைகளின் குருதியைச் சோதித்தார். அவர் மைந்தர் மோகனும், ஆராய்ச்சியாளர் இராமச்சந்திரனும் அப்பணியில் துணை நின்றனர். ஆராயப்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்நோய் இருந்தது. 1985இல் அம்முடிவு வெளியாயிற்று.

அதனைக் கேட்போர் உள்ளம் கலங்குதல் இயல்பே. முன்னோர் சொத்தைப் போல நோயும் வந்தடையுமாயின், முயற்சியால் ஆவது யாது? 1996இல் விசுவநாதன் மறைந்தார். அவருடன் உழைத்தோர் ஆய்வைத் தொடர்ந்தனர். தாம்பரத்திற்குத் தென்கிழக்கேயுள்ள சிறுசேரியிலும் மரபணு ஆய்வுக்கூடம் எழுந்தது.

2006ஆம் ஆண்டில் இரண்டு முடிவுகள் வெளிவந்தன. முதலாவது மரபணு பற்றியது. இன்சுலினுக்கு உடல் இணங்குதலோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் காணப்படும் சிறு மாற்றம், ஐரோப்பிய இனத்தாரை நீரிழிவினின்று காப்பதாகத் தெரிந்தது. சென்னையிலும் அமெரிக்காவின் டாலஸ் நகரிலும் வாழ்ந்த தெற்காசியரை அது காக்கவில்லை. மற்றொன்று இராமச்சந்திரன் தலைமையில் நடந்த தடுப்பாய்வு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் சேர்ந்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைச் செம்மைப்படுத்தி, நாள்தோறும் உடலுழைப்பை மேற்கொண்டவருள் நூற்றுக்கு 39 பேரே நோயுற்றனர்.

மரபு நம் கையில் இல்லை. வாழும் முறையோ பெரிதும் நம் கையில் உள்ளது. பெற்றோர்க்கு நீரிழிவு உண்டென அறிந்த பிள்ளைகள் அஞ்சி ஒடுங்க வேண்டுவதில்லை. இளமையிலேயே விழிப்புறுதல் வேண்டும். அளவோடு உண்டு, ஓடியாடி உழைத்து, உரிய காலத்தில் குருதியைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். விசுவநாதன் குடும்பங்களை ஆராய்ந்து கண்ட உண்மை, வருமுன் காப்பார்க்கு நற்றுணையாகும்.