லாப்காடியோ ஹெர்ன்

அயல்நாட்டிற்குத் தன் மொழியைக் கற்பிக்கச் செல்லும் ஆசிரியன், முதற்கண் அந்நாட்டிற்கு மாணாக்கனாதல் வேண்டும் என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக, ஜப்பான் தேசத்தில் ஆங்கில ஆசிரியராயிருந்து புகழெய்திய லாப்காடியோ ஹெர்ன் என்பாரது சரித்திரத்தைச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

ஹெர்ன் 1850-ஆம் வருஷம் ஜூன் மாதம் 27-ஆம் தேதி, லெவ்காடா என்னும் கிரேக்கத் தீவில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் வைத்தியராயிருந்த ஐரிஷ்காரர். தாயார் கிரேக்க மாது. இளமையிலேயே இருவரையும் பிரிந்து, டப்ளின் நகரில் உறவினளாகிய ஒரு மூதாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். பதினாறாம் வயதிற் பள்ளியில் நேர்ந்த விபத்தொன்றினால் இடக்கண் ஒளியிழந்தது. மற்றைக் கண்ணும் கிட்டப் பார்வையுடையது. மூதாட்டியின் செல்வம் அழியவே படிப்பும் நின்றது. 1869-ல் அமெரிக்கா சென்று, பத்திரிகைகளுக்கு எழுதி ஜீவனம் செய்தார். சர்வகலாசாலைப் பட்டம் யாதொன்றும் அவர் பெற்றாரில்லை.

1890 ஏப்ரலில், ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதும் பொருட்டு ஜப்பானை அடைந்தார். அடைந்த சின்னாட்களில் பதிப்பாளரோடு மனம் வேறுபட்டு அவ்வேலையைத் துறந்தார். வயதோ நாற்பது, கையிற் பொருளில்லை, நாட்டு மொழியும் தெரியாது. இந்நிலையில் பேஸில் ஹால் சேம்பர்லின் என்னும் அறிஞர் முதலியோரின் உதவியால், மத்சுயே நகரில் ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் மாதம் 100 யென். மலைகளைக் கைரிக்ஷாவிற் கடந்து ஆகஸ்டு முடிவில் அந்நகரெய்தி, செப்டம்பரில் வேலையை ஒப்புக்கொண்டார்.

புதிய இடத்தில் அவருக்குத் துணையாய் நின்றவர் அப்பள்ளியின் ஆசிரியர் நிஷிதா சென்தாரோ. பள்ளியின் வழக்கங்களையும், பெரியோரிடம் நடந்துகொள்ளும் முறைகளையும் அவரே ஹெர்னுக்கு எடுத்துரைத்தார். வீட்டில் ஹெர்ன் ஜப்பானிய உடையுடுத்துத் தரையிற் பாய்மீது அமர்ந்தார். சந்திரனைப் பற்றியும், மனிதர் நெடுநாள் மறவாதது யாது என்பது பற்றியும் மாணாக்கரை ஆங்கிலத்தில் எழுதச் செய்து, திருத்துங்கால் பிழைகளை மாத்திரம் நோக்கினாரல்லர். அவ்வெழுத்தின் வாயிலாக அவர்தம் உள்ளத்தையும் முன்னோர் மரபையும் படித்தறிந்தார். மாணாக்கரும் அவர் வீடு தேடி வந்து உரையாடிச் செல்வாராயினர். அவருள் ஒருவன் நோயுற்று, இறக்குமுன் தன் பள்ளியை ஒருமுறை காண விரும்பினான். முதிய வேலைக்காரன் ஒருவன் அவனை இரவில் முதுகிற் சுமந்து சென்று காட்டினான். இதனை ஹெர்ன் தம் நூலிற் பதிந்துவைத்தமை, ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இருந்த அன்பினைக் காட்டும்.

வறுமையுற்ற சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணாகிய கொயிசுமி செத்சு என்பாரை அவர் மணந்தார். குளிர் தாங்காமையால் 1891 நவம்பரில் கூமமோத்தோ நகரக் கலாசாலைக்கு மாறினார். அங்கே சம்பளம் இருமடங்கு. ஆயினும் மத்சுயேயில் உண்டான மனநிறைவு உண்டாகவில்லை. 1894-ல் கோபே நகரிற் பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். மனைவி மக்களின் உரிமையைக் காக்க எண்ணி, 1896-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொயிசுமி யாகுமோ எனப் பெயர் பூண்டார். அவ்வாண்டே டோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல மாணாக்கர் எழுதிக்கொண்ட குறிப்புகள், அவர் இறந்தபின் நூல்களாக வெளிவந்தன.

1903-ல் அவ்வுத்தியோகம் அவரை விட்டு நீங்கியது. மாணாக்கர் மறுத்து முறையிட்டும் பயனில்லை. அவரிடத்தில் அமர்ந்தோருள் ஒருவர், பின்னர்ப் பெரும் நாவலாசிரியரான நத்சுமே சோசெகி. 1904-ல் வசேதா கலாசாலையிற் கற்பிக்கத் தொடங்கிய ஹெர்ன், அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, தமது ஐம்பத்து நான்காம் வயதிற் காலமானார்.

ஜப்பானிய நூல்களைத் தாமே படிக்கும் ஆற்றல் அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. மனைவியார் பழங்கதைகளை எளிய சொற்களிற் கூற, அவர் கேட்டு ஆங்கிலத்தில் அமைத்தார். 1904-ல் வெளிவந்த க்வைதான் என்னும் நூல் அவ்வாறு பிறந்த கதைகள் பலவற்றை உடையது.

ஹெர்ன் மிஷனரிமாரைக் கடிந்து எழுதியவர். மிஷன் கலாசாலையிற் பயின்ற நாம் அவர் கூற்றை முழுதும் ஒப்ப இயலாது. ஆயினும், கற்பிக்கச் சென்ற இடத்து மக்களைத் தாழ்வாக எண்ணலாகாது என்ற அவரது கண்டிப்பில் நாம் கொள்ளவேண்டிய பாடம் உண்டு. அவர் பழைய வாழ்க்கையைப் புகழ்ந்து, புதுமையை வெறுத்தமையும் ஒரு குறையே. நாம் சென்று வாழும் நாடு நம் கனவிற்கேற்ப மாறாதிருத்தல் வேண்டும் என விரும்புதல் நீதியாகாது.

பட்டமும் செல்வமும் இரு கண்ணின் ஒளியும் இல்லாத ஒருவர், தம் மாணாக்கரிடமே கற்கத் துணிந்தமையால் அயல்நாட்டில் வேரூன்றினார். மத்சுயே மக்கள் அவர் வாழ்ந்த வீட்டை இன்றும் பேணி வருகின்றனர். நம் கலாசாலையினின்று பிற தேசங்களுக்கு ஆசிரியராய்ச் செல்லும் நண்பர்கள், புத்தக மூட்டையோடு இப்பணிவையும் உடன்கொண்டு செல்வாராக.