எளியோர்க்கு இரங்கிய நீதிபதி

கடன்பட்டுத் தீர்க்க வகையின்றி வழக்குமன்றத்தில் நிற்பவன் நிலை மிகவும் இரங்கத்தக்கது. எம் கம்பம் பள்ளத்தாக்கிலே குச்சனூர் முதலிய ஊர்களில் நெல்வயலை நம்பிக் கடன் வாங்கும் உழவர் இதனை நன்கறிவர். மழை பொய்ப்பின் பயிர் கெடும். பயிர் கெடினும் வட்டி வளரும். இத்தகைய எளியவனுக்கு நீதிபதி செய்யத்தக்க உதவி யாது? கடனை இல்லையென்று தள்ளிவிடுதல் நீதியாகாது. கொடுத்தவன் பொருளும் உழைத்து ஈட்டியதே யன்றோ? அருளும் நீதியும் ஒன்றையொன்று கெடாது வாழ்தற்கு வழி கண்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் என்பது எம் துணிபு.

இப்பெரியார் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே, சவரிமுத்துப் பிள்ளையவர்களுக்கு மைந்தராய்க் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி பெற்றுப் பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார்.

முன்சீப் மன்றமோ சிறு கடன் வழக்குகளும் நில வழக்குகளும் வந்து குவியும் இடம். 1859-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, தீர்ப்புத் தொகையைச் செலுத்தாத கடனாளி சிறைப்படவுங் கூடும். அவ்வாறிருக்க, அவனுடைய வழக்கிற்கு முன்மாதிரியாகும் மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தன்னைக் கட்டும் கயிறு எதனால் திரிக்கப்பட்டது என்பதையும் அவன் அறியான். இக்குறையைப் பிள்ளையவர்கள் உணர்ந்தார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத தமிழரும் நீதியின் போக்கைத் தாமே கற்றறிய இந்நூல் வாயில் திறந்தது. 1859-இல் வெளிவந்த நீதிநூலிற் கைக்கூலியைக் கடிந்தார். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழர் வழக்கைத் தமிழர் முன்னே ஆங்கிலத்தில் நடத்தும் புதுமையை எள்ளி நகையாடினார்.

1872-இல் அவர் பதவியினின்று ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளுக்குள் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அக்கொடுமையிலே, தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டுருகி அவரைப் புகழ்ந்து பாடினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-இல் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார்.

பிறர்க்குரிய பொருளை எடுத்து எளியவனுக்கு ஈவது எளிது. பிள்ளையவர்கள் ஈந்தவை தம் பொருளும் தம் புலமையும் ஆம். நண்பர்காள்! நம்முட் சிலர் நாளை வழக்கறிஞராவர். சிலர் நீதிபதிகளும் ஆவர். தம் முன் நிற்கும் ஏழைக்குச் சட்டத்தை அவன் மொழியிலே விளங்கவுரைத்தலும் ஓர் அறமென்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.