ஹொண்டாவின் இடது கை

1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில், எறிகணை விழுந்து என் சித்தப்பாவின் இடது கை முழங்கைக்குக் கீழே போனது. அதுவரை அவர் ஓடியது கிளச் உள்ள பெரிய மோட்டார் சைக்கிள். இடது கையால் கிளச்சைப் பிடிக்காமல் அதை நகர்த்த முடியாது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அதை விற்றுவிட்டு, பழைய ஹொண்டா எம்.டி. 90 ஒன்றை வாங்கினார். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, அங்கே ஓடி முடித்து, கப்பலேறி நம்மிடம் வந்த சிவப்பு மோட்டார் சைக்கிள். அதில் கிளச் பிடி இல்லை. கியர் இடது காலில், அக்சிலேற்றரும் முன் பிரேக்கும் வலது கையில். இடது கைக்கு அதில் வேலையே இல்லை.

வேலை இருந்தது எனக்குத்தான். அப்போது வடக்கிற்குப் பெற்றோல் வருவதில்லை. மண்ணெண்ணெயில்தான் எல்லாம் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சித்தப்பா உதைப்பார், நான் போத்தலைப் பிடிப்பேன். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவதும் என் வேலை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, சன நெரிசலுக்குள் அந்த மோட்டார் சைக்கிளை ஒற்றைக் கையால் அவர் உருட்டினார். நான் பின்னால் இருந்து தள்ளினேன்.

அது ஒற்றைக் கையால் ஓடக்கூடியதாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். சொயிசிரோ ஹொண்டாவின் வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகுதான், அப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானித்தே அதைச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

சொயிசிரோ 1906 நவம்பர் 17 அன்று, ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில் கொம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கிஹெய் கொல்லர். சயிக்கிளும் திருத்துவார். தாய் மிக்கா நெசவு தெரிந்தவர். கிராமத்திற்கு முதன்முதல் கார் வந்தபோது பையன் அதன் பின்னால் ஓடினான். அது நின்ற இடத்தில் சொட்டிக் கிடந்த எண்ணெயைக் குனிந்து மணந்தான். பத்து வயதில், தகப்பனின் பெரிய சயிக்கிளை எடுத்துக்கொண்டு, விமான சாகசம் பார்க்க ஹமமட்சு நகருக்குப் போனான். நுழைவுக் கட்டணத்துக்குக் காசு போதவில்லை. மரத்தில் ஏறி இருந்து பார்த்தான்.

1922 இல் தோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கராஜில் வேலை பழகச் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை முதலாளியின் பிள்ளையைப் பார்ப்பது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் பெரும் பூகம்பம் வந்து தோக்கியோ எரிந்தது. தீயிலிருந்து திருத்தவந்த கார்களை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. சொயிசிரோ முதன்முதலாகக் கார் ஓடியது அன்றுதான். தொழிலாளர்கள் ஊர்களுக்குத் திரும்பிவிட, எஞ்சியவர்களில் ஒருவராக நின்று எரிந்த கார்களைத் திருத்தித் தொழிலை முழுதாகப் பழகினார். 1928 இல் அதே கராஜின் கிளையை ஹமமட்சுவில் திறந்தார்.

கராஜ் நன்றாக நடந்தபோதே, பிஸ்டன் ரிங் செய்யவேண்டும் என்று புறப்பட்டார். உலோகத்தைப் பற்றிய படிப்பு இல்லாமல் அது சரிவரவில்லை. முப்பதை எட்டிய வயதில் தொழில்நுட்பப் பாடசாலைக்குப் போய், பையன்களோடு இருந்து படித்தார். டொயோட்டாவிடம் சோதனைக்குக் கொடுத்த ஐம்பது ரிங்குகளில் தேறியவை மூன்றுதான். விடாமல் நின்று தரத்தைப் பிடித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சொயிசிரோவைப் போரால் பாதிக்கப்பட்டவராக மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. அவருடைய தொழிற்சாலை ஜப்பானியப் படையின் போருக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தது. விமானங்களின் மரச் சுழலிகளை வெட்டக் கையால் பல நாள் எடுத்த காலத்தில், அதை விரைவாகச் செய்யும் தானியங்கி இயந்திரத்தை அவர் அமைத்தார். அந்தப் படை ஆசியாவெங்கும் என்ன செய்தது என்பதைச் சயாம் - பர்மா ரயில்பாதையில் உறவுகளை இழந்த மலாயாத் தமிழரிடம் கேட்டால் தெரியும். பிறகு போர் அவருடைய வாசலுக்கும் வந்தது. குண்டுவீச்சில் ஒரு தொழிற்சாலை போனது. 1945 ஜனவரியில் வந்த பூகம்பத்தில் மற்றது இடிந்தது. சரணடைவுக்குப் பின், எஞ்சிய கம்பனியை டொயோட்டாவுக்கு 450,000 யென்னுக்கு விற்றார். ஓராண்டு ஒன்றும் செய்யவில்லை. குடித்தார், சங்கீதம் பழகினார், நண்பர்களோடு பொழுதைக் கழித்தார். நாற்பதை எட்டும் ஒரு மனிதன் எல்லாம் முடிந்ததென்று இருந்தால் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தார்.

1946 இல் ஒரு நண்பரின் வீட்டில் படையினர் விட்டுச்சென்ற சின்ன எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டது. வானொலித் தொடர்புக் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பாவித்த ஜெனரேற்றர் எஞ்சின். அதைக் கொண்டுவந்து சயிக்கிளில் பூட்டினார். பெற்றோல் ராங்கி இல்லை. படுக்கையைச் சூடாக்கச் சுடுநீர் ஊற்றி வைக்கும் பாத்திரம் ஒன்றை ராங்கியாக்கினார். பெற்றோலும் கட்டுப்பாட்டில்தான் கிடைத்தது. பைன் மரத்தின் வேரிலிருந்து எண்ணெய் எடுத்துப் பெற்றோலோடு கலந்தார். அந்தப் பகுதியை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சித்தப்பா வீட்டு முற்றமும் கையில் பிடித்த போத்தலும் கண்ணுக்குள் வந்தன.

அந்தச் சயிக்கிளை முதலில் ஓடிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சச்சியும் ஒருவர். உணவுக்காகத் தூர ஊர்களுக்குச் சயிக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர் அவர். ஓடித் திரும்பியதும், எண்ணெய் தெறித்து உடுப்பெல்லாம் ஊத்தையாகிவிட்டது என்று குறைப்பட்டார். சொயிசிரோ வாதாடவில்லை. எண்ணெய் எங்கிருந்து தெறிக்கிறது என்று பார்த்துத் திருத்தினார். ஹொண்டா வண்டியைப் பற்றிய முதல் பாவனையாளர் முறைப்பாடு இதுவாகத்தான் இருக்கும். படையின் எஞ்சின்கள் ஐந்நூறளவில் கிடைத்தன. அவை தீர்ந்ததும் 1947 இல் சொந்த எஞ்சினைச் செய்தார். 1948 செப்ரெம்பர் 24 இல் ஹொண்டா மோட்டார் கம்பனி பிறந்தது.

அடுத்த ஆண்டு தக்கேயோ புஜிசவா வந்து சேர்ந்தார். சொயிசிரோ எஞ்சினைப் பார்த்தார், புஜிசவா காசையும் விற்பனையையும் பார்த்தார். இந்த இருவரின் யோசனையில் 1958 இல் வந்ததுதான் சூப்பர் கப். ஜப்பானில் சோபா நூடில்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் சயிக்கிள் ஓடுவார்கள். அவர்களால் ஓட முடியவேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கிளச் பிடியை எடுத்துவிட்டு, தானாக இயங்கும் கிளச்சை உள்ளே வைத்தார்கள். பாவாடை கட்டிய பெண்களும் ஏறி இருக்கும்படி நடுச் சட்டத்தைத் தாழ்த்தினார்கள். 2017 இல் இந்த வகை 10 கோடியைத் தாண்டியது. தபால்காரரின் எம்.டி. 90 இதன் பிள்ளைதான். சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்காக விடுவிக்கப்பட்ட அந்த இடது கைதான், கையிழந்த என் சித்தப்பாவுக்கு வழிவிட்டது.

சொயிசிரோவின் இடது கையும் பேர்போனது. வலக்கைக்காரரான அவரிடம் சுத்தியல் வலது கையில் இருக்கும், அடி இடது கையில் விழும். நகங்கள் பலமுறை நசுங்கின. விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. தன் புத்தகம் ஒன்றில் அந்தக் கையைப் படமாக வரைந்து, தழும்பு தழும்பாகக் குறித்துக் காட்டியிருக்கிறார்.

1963 இல் ஹொண்டா கார் உலகிற்குள் வந்தது. ரி 360 என்ற சிறு லொறி, பிறகு எஸ் 500 என்ற விளையாட்டுக் கார். 1967 இல் வந்த என் 360 மலிவாகவும் வேகமாகவும் இருந்ததால் சனம் விரும்பி வாங்கியது. ஆனால் வேகத்தில் நிலை தடுமாறுகிறது என்று பாவனையாளர்களிடமிருந்து குற்றச்சாட்டு எழுந்தது. 1970 இல் சொயிசிரோ மீதே கொலைக்குற்றம் சாட்டி முறைப்பாடு கொடுக்கப்பட்டது. வழக்குத் தொடரப்படவில்லை. என்றாலும் ஹொண்டா என்ற பெயரில் அது ஒரு கீறல்.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. எஞ்சினைக் காற்றால்தான் குளிரவைக்கவேண்டும், தண்ணீர் தேவையில்லை என்று நின்றார். இளம் பொறியியலாளர்கள் தண்ணீர் இல்லாமல் சரிவராது என்றார்கள். கேட்கவில்லை. 1968 இல் காற்றால் குளிரும் எஞ்சினோடு ஓட்டப்பந்தயக் கார் ஒன்றைச் செய்வித்தார். ஹொண்டா அணியின் சாரதி ஜோன் சேர்டீஸ், அது இன்னும் ஓடத் தயாராகவில்லை என்று மறுத்தார். யூலை 7 அன்று பிரான்சின் ருவான் நகரில் ஜோ ஷ்லெசர் என்ற பிரெஞ்சுக்காரர் அதை ஓடினார். பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கார் பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்து எரிந்தது. அவர் அதற்குள்ளேயே இறந்தார். அதன் பிறகும் 1969 இல் ஹொண்டா 1300 என்ற காரைக் காற்றுக் குளிர்ச்சியோடுதான் விற்பனைக்கு விட்டார். அது எடுபடவில்லை.

மேலே இருப்பவரின் பிடிவாதத்துக்குக் கீழே இருப்பவர்கள் விலை கொடுப்பதை நாங்கள் வேறிடங்களிலும் பார்த்திருக்கிறோம். ஹொண்டாவில் அதை நிறுத்த ஒருவர் இருந்தார். பொறியியலாளர்கள் புஜிசவாவிடம் போனார்கள். புஜிசவா சொயிசிரோவிடம், கம்பனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியியலாளராக இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். சொயிசிரோ தலைவராக இருப்பதாகச் சொல்லி, தண்ணீர் எஞ்சினுக்கு அனுமதி கொடுத்தார். அன்று அவரோடு மாறுபட்டு நின்றவர்களில் ஒருவரான தடாஷி குமே, பின்னாளில் அதே கம்பனியின் தலைவராக வந்தார்.

அந்தத் தண்ணீர் எஞ்சின்தான் 1972 இல் சிவிக் காரைத் தந்தது. அப்போது அமெரிக்கா புகையைக் குறைக்கக் கடும் சட்டம் கொண்டுவந்திருந்தது. பெரிய கம்பனிகள் முடியாது என்று நின்றபோது, சி.வி.சி.சி. என்ற எஞ்சினால் ஹொண்டா அந்த அளவை எட்டியது. இதனால் அமெரிக்கக் கம்பனிகளை வெல்லலாம் என்று சொயிசிரோ மகிழ்ந்தார். தாங்கள் உழைப்பது கம்பனிக்காக அல்ல, பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காக என்று இளையவர்கள் பதில் சொன்னார்கள். தன் காலம் முடிந்தது என்று அந்தப் பதிலில் அவர் விளங்கிக்கொண்டார். 1973 இல், 66 வயதில், புஜிசவாவும் அவரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். பதவியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடியதால் சிவிக்கை அமெரிக்கர் தேடி வாங்கினார்கள். மட்காட் கறள் பிடிக்கிறது என்ற முறைப்பாடும் கூடவே வந்தது. ஹொண்டா வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் இந்த இரண்டு குரலும் கேட்கும். எஞ்சின் சாகாது, எண்ணெய் குடிக்காது என்பார்கள். புதிய ஹைபிரிட்டின் கியர் பெட்டியைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். 2013 இல் ஜப்பானில் வந்த ஃபிட் ஹைபிரிட்டைப் பதின்மூன்று மாதங்களுக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தார்கள். அதற்காகக் கம்பனியின் தலைவர் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்.

ஓய்வுக்குப் பிறகு சொயிசிரோ ஜப்பான் முழுக்கச் சுற்றி, தொழிற்சாலைகளிலும் விற்பனை நிலையங்களிலும் வேலை செய்தவர்களுக்கு நேரில் நன்றி சொன்னார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி கை கொடுக்க வந்து, தன் கையில் கிறீஸ் இருப்பதைக் கண்டு கழுவ ஓடப் பார்த்தார். சொயிசிரோ அவரை நிறுத்தி, அந்தக் கையையே பிடித்துக்கொண்டார். 1991 ஓகஸ்ட் 5 அன்று, 84 வயதில் இறந்தார். கார் செய்தவனின் செத்தவீட்டால் வீதி அடைபடக்கூடாது என்று, கம்பனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாமென அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நாட்களில் ஆனையிறவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஹொண்டா ஓடிய எங்களுக்கு, ஹொண்டா செத்தது தெரியாது.

2022 இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, அதே எம்.டி. 90ஐ உருட்டிக்கொண்டு சித்தப்பாவும் நானும் நின்றோம். முன்னும் பின்னும் புதுக் கார்கள். பொழுது போகவேண்டுமே என்று இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். கொல்லனின் மகன், படையின் எஞ்சின், நசுங்கிய இடது கை எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அந்தப் பைன் எண்ணெயும் புகைத்ததா என்று மட்டும் கேட்டார். நல்லாய்ப் புகைத்தது, ஊரெல்லாம் மணத்தது என்றேன். அப்படியென்றால் அந்த மனுசனுக்கும் பிளக் சுரண்ட ஒரு பெடியன் இருந்திருப்பான் என்று சொல்லிவிட்டு, வரிசை நகர, மோட்டார் சைக்கிளை உருட்டினார்.