கதாநாயகி வாய்ப்பைப் பறித்த விபத்து: குணச்சித்திர வேடங்களில் நிலைத்த லலிதா பவார்

மகாராஷ்டிரத்தில் 1916-ஆம் ஆண்டு பிறந்த லலிதா பவார், மௌனப் படக் காலத்திலேயே குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி, கதாநாயகியாக உயர்ந்தார்.

1942-இல் ‘ஜங்-ஏ-ஆசாதி’ படப்பிடிப்பில், காட்சிக்காகச் சக நடிகர் பகவான் கன்னத்தில் அறைந்தது பலமாக விழுந்ததால், அவரது முகத் தசைகள் செயலிழந்தன; இடது கண்ணும் பாதிக்கப்பட்டது. சுமார் மூன்று ஆண்டு சிகிச்சைக்குப் பின்பும் கண் முழுமையாகச் சீராகவில்லை. கதாநாயகி வாய்ப்புகள் நின்றன.

எனினும் திரையுலகை விட்டு விலகாமல் குணச்சித்திர வேடங்களை ஏற்றார். சுருங்கிய அந்தக் கண்ணே கொடுமைக்கார மாமியார் வேடங்களுக்கு அடையாளமாயிற்று. ‘அனாரி’ (1959) படத்தில் கண்டிப்பும் கனிவும் நிறைந்த டி’சா அம்மையாராக நடித்து, சிறந்த துணை நடிகைக்கான பிலிம்ஃபேர் விருதைப் பெற்றார்.

1987-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரில் கூனியாக நடித்து, நாடெங்கும் இல்லந்தோறும் அறியப்பட்டார். விபத்துக்குப் பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்த அவர், 1998 பிப்ரவரி 24-இல் புணேயில் காலமானார்.