புனித அகுஸ்தினாரும் கேளிக்கை அரங்குகளும்



சினிமா பார்க்கலாமா, பிள்ளைகள் கையில் கைபேசி கொடுக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். 1600 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய கேள்வியோடு போராடிய ஒருவரின் வரலாறு நமக்கு நல்ல பாடம். அவரே புனித அகுஸ்தினார்.

இன்றைய அல்ஜீரியா நாட்டில் அடங்கிய தகாஸ்தே ஊரில், கி.பி. 354இல், பத்திரிசியுஸ், மோனிக்கம்மாள் தம்பதியரின் மகனாக அவர் பிறந்தார். மேற்படிப்புக்காகக் கார்த்தேஜ் மாநகர் சென்ற இளைஞரை நாடக மேடை கவர்ந்துகொண்டது. மேடையில் காதலர் பிரிந்தால் அவரும் வருந்துவார்; அழ வைக்காத நாடகம் அவருக்குச் சுவைக்கவில்லை. பின்னாளில் ஆயராகித் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதியபோது, இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். மேடைத் துயரத்தைக் காண்பவன் யாருக்கும் உதவ வேண்டியதில்லை, வருந்தினாலே போதும். அந்த வருத்தத்தையும் அவன் இன்பமாக நுகர்கிறான். இது உண்மை இரக்கமாகுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

அவருடைய ஊர்க்காரரும் மாணவருமான அலிப்பியுஸ், தேர்ப்பந்தயப் பித்தராக இருந்தார். ஒருநாள் வகுப்பில் அகுஸ்தினார், இவரை மனத்தில் கொள்ளாமலேயே, அத்தகைய பித்தரைக் கேலி செய்தார். அது தமக்கே சொல்லப்பட்டதென்று ஏற்றுக்கொண்ட அலிப்பியுஸ், பந்தயத்தை விட்டொழித்தார்.

பின்னர் சட்டம் பயில உரோமை சென்றபோது, வாள்வீரர் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் அரங்கிற்கு நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் இராது என்ற துணிவோடு கண்களை மூடிக்கொண்டார். காதுகளை மூடவில்லை. ஒருவன் வீழ்ந்ததும் கூட்டம் எழுப்பிய பேரொலியில் கண் திறந்தார். கண்ட குருதியில் மயங்கினார். பிறகு தாமே விரும்பிச் சென்றதோடு, மற்றவர்களையும் அழைத்துச் சென்றார். வெகுகாலத்திற்குப் பின்னரே இறையருள் அவரை மீட்டது. அவர் தீயவர் அல்லர்; தம் பலத்தை மட்டும் நம்பியவர்.

387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில், புனித அம்புரோஸ் கையால் இருவரும் திருமுழுக்குப் பெற்றனர். அந்நகரின் ஆலயப் பாடல்கள் அகுஸ்தினாரைக் கண்ணீர் விடச் செய்தன. அங்கும் அவர் தம்மைச் சோதித்துப் பார்த்தார்: பாடலின் பொருள் தம்மைத் தொடுகிறதா, இசையின் இனிமை மட்டுமா? ஆயினும் இசையை ஆலயத்திலிருந்து விலக்க அவர் விரும்பவில்லை.

391இல் குருவாகி, பின் ஹிப்போ நகர் ஆயராகி, 430இல், வண்டாலியப் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் உயிர் நீத்தார். இறுதி நாள்களில் மனவருத்தச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுக்கையிலிருந்தே படித்து அழுதார். மேடைக் கதைக்காகச் சிந்திய கண்ணீர், இப்போது மனமாற்றத்தின் கண்ணீரானது.

பெற்றோரே, தடை மட்டும் போதாது. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள், பார்த்தபின் பேசுங்கள். யாருக்காக அழுதோம்? யாரைக் கண்டு சிரித்தோம்? ஊரே ஆரவாரிப்பதால் நாமும் கண் திறந்தோமா? திரையில் கண்ட ஏழைக்காக உருகிய நாம், அடுத்த வீட்டு ஏழைக்கு என்ன செய்தோம்? இக்கேள்விகள் உணவு வேளையிலும் செபவேளையிலும் ஒலிக்கும் இல்லத்தில், பிள்ளைகள் தாமே நல்லது கெட்டதைப் பகுத்தறியக் கற்றுக்கொள்வார்கள்.