தியாகராயர்: நான்கு கோடிக் கணக்கில் நாம் இருந்த இடம்

ஏப்ரல் 27 வடசென்னைக்கு இரண்டு காரணங்களால் முக்கியமான நாள். 1852இல் பிட்டி தியாகராயர் பிறந்தது அன்றுதான். ரிப்பன் மாளிகை வளாகத்தில் நிற்கும் அவரது சிலைக்கு அன்று மாலை விழுகிறது. 1918இல், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அதே ஏப்ரல் 27இல்தான். இது தற்செயல் ஒற்றுமை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921இல், அந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தமும் தியாகராயரின் கட்சியும் புளியந்தோப்பில் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பில் எரிந்தவை நம் குடிசைகள். மாலை விழும் நாளில் இந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை என்பதால் நாம் எழுதுகிறோம்.

தியாகராயர் அரசியலுக்கு வந்த வழி வணிகம். வடசென்னையில் தெலுங்கு பேசும் தேவாங்கர் நெசவாளர் குடும்பம் அவருடையது. மாநிலக் கல்லூரியில் படித்து 1876இல் பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் பெரும்பாலும் அரசு உத்தியோகத்தையோ வழக்குரைஞர் தொழிலையோ நாடினார்கள். அவரோ குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். பிட்டி நெசவாலையில் விசைநாடாத் தறிகளைப் புகுத்தி, கைத்தறியை ஆலை முறைக்கு ஒழுங்குபடுத்தினார். தென்னிந்திய வணிகக் கழகம் 1909இல் உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். பின்னர் பத்தாண்டுகளுக்கு மேல் அதன் தலைமையில் நீடித்தார். ஐரோப்பிய வணிகர்களின் சங்கத்துக்கு எதிரே இந்திய வணிகர்களுக்கென ஓர் அமைப்பை நிலைநிறுத்தியது சிறிய காரியமன்று.

இதற்கு இணையாக அவரது மாநகராட்சி வாழ்க்கை ஓடியது. 1882இல் சென்னை மாநகராட்சி உறுப்பினரானவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். வரி, குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம் எனக் கூட்டக் குறிப்புகளில் வளர்ந்த அரசியல் அது. மேடைப் பேச்சால் உருவான தலைவரல்லர் அவர். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி காங்கிரஸ் ஆதரவாளராகவே இருந்தார் என்பதை இன்றைய மாணவர்கள் பலர் அறிவதில்லை.

திருப்பம் 1916இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தல்களில் டி.எம். நாயர், பின்னாளில் பனகல் அரசர் எனப்பட்ட இராமராயநிங்கார், தியாகராயர், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு ஆகியோர் பார்ப்பன வேட்பாளர்களிடம் தோற்றனர். மாநகராட்சியில் எதிரெதிர் நின்றிருந்த நாயரையும் தியாகராயரையும் ஒன்றுசேர்க்க நடேச முதலியார் ஏற்கெனவே முயன்றுவந்தார். தோல்வி அந்த வேலையை எளிதாக்கியது. நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜ முதலியார் இல்லத்தில் கூடியவர்கள் தென்னிந்திய மக்கள் சங்கத்தைத் தொடங்கினர். டிசம்பரில் தியாகராயரின் கையெழுத்துடன் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளியானது. 1917 பிப்ரவரியில் ஜஸ்டிஸ் நாளேடு வந்தது. கட்சிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

கோயில் குடமுழுக்கு ஒன்றுக்குப் பெருந்தொகை நன்கொடை தந்த தியாகராயருக்கு மேடையில் உரிய இடம் மறுக்கப்பட்டது என்றொரு கதை திராவிட இயக்க மேடைகளில் நூறாண்டாகச் சொல்லப்படுகிறது. அந்த அவமானத்தை நாம் சிறிதென்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் இடம் மறுக்கப்பட்டவர் கோயிலுக்குள் நின்றுதான் அதை அனுபவித்திருக்க முடியும். அக்கோயில்களின் வாசலைத் தாண்டும் உரிமையே அன்று நமக்கு இல்லை. இரண்டும் ஒரே சாதி முறையின் வேலைதான். இரண்டுக்கும் இடையிலிருந்த தொலைவு அந்த அறிக்கையின் கணக்கில் மறைந்துபோனது.

அந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாகாணத்தின் மக்கள்தொகை 4 கோடியே 15 லட்சம், அதில் 4 கோடிக்குக் குறையாதோர் பார்ப்பனரல்லாதார் என்றது அறிக்கை. உயர்கல்வியிலும் நீதித்துறையிலும் உத்தியோகங்களிலும் அவர்களுக்குக் கிடைத்த பங்கோ மிகக் குறைவு. இந்த வாதம் முழுக்க உண்மை. இன்றைய இடஒதுக்கீட்டு வழக்குகளில் நாம் வைக்கும் வாதத்தின் முன்னோடியும் அதுவே. ஆனால் அந்த நான்கு கோடியில் பறையர், பள்ளர், சக்கிலியர், மாலா, மாதிகர் அனைவரும் அடக்கம். கூட்டலில் நாம் இருந்தோம். வகுத்தலின்போது என்ன நடந்தது என்பதே கேள்வி.

1919 ஜூலையில் நாயர் இலண்டனில் இறந்தபின் கட்சியின் முழுச்சுமையும் தியாகராயர் தோளில் விழுந்தது. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது, தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63ஐ நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் முதலமைச்சர் பொறுப்பேற்குமாறு தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்தார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே உடல்நலக் குறைவால் அவர் விலக, பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராகவே இருந்து ஆட்சியைத் தாங்கிப் பிடித்தார். அதிகாரம் கைக்கு வந்தபோது அதை வேறொருவர் கையில் வைத்தவர்கள் தமிழக அரசியலில் எத்தனை பேர்? அந்தப் பெருமையை அவருக்குத் தருவதில் நமக்குத் தயக்கமில்லை.

அந்தச் சட்டமன்றத்தின் வாசலைச் சொத்து காத்து நின்றது. வரி கட்டுவோருக்கும் சொத்துடையோருக்கும் மட்டுமே வாக்குரிமை. பொது இடங்களில் 28 பார்ப்பனரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. நிலமற்ற சேரிமக்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகள் அனைத்துக்குமாக ஐந்து நியமன இடங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் அமர்ந்தவர் எம்.சி. ராஜா, நீதிக்கட்சியின் தொடக்கம் முதல் உடனிருந்தவர். 1922 ஜனவரியில், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்றே அரசு ஆவணங்கள் குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் நிறைவேற்றினார். ஆனால் அதற்கு முன்பே முறிவு தொடங்கிவிட்டது.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையிலும் ஜூனில் பக்கிங்காம் ஆலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. திரு.வி.க. தலைமையில் சங்கம் உறுதியாக நின்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் விரைவிலேயே வேலைக்குத் திரும்பினர். ராஜாவின் ஆதரவும் அதற்கு இருந்தது. அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிவிடுவது எளிது. பல மாதம் கூலியின்றி வாழக் கையிருப்பு யாரிடம் இருந்தது, சங்கத்தின் தலைமை எந்தச் சாதிகளிடம் இருந்தது, வேலைக்கு வெளியே அந்தச் சக தொழிலாளி நம்மை எப்படி நடத்தினார் என்ற கேள்விகளைக் கேட்ட பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல் பல வாரங்கள் நீண்டது. இருபுறமும் தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்ட் இறுதியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இங்கே தியாகராயரின் கட்சி எடுத்த நிலையை நாம் பூசி மெழுக முடியாது. ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனித்துவந்த தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்ததே கலவரத்துக்கு ஒரு காரணம் என்று கட்சியின் ஏடு எழுதியது. எரிந்தது யார் வீடு என்பதைவிட யாருக்குச் சலுகை தரப்பட்டது என்பதே அதற்குப் பெரிதாகப் பட்டது. ஆதிதிராவிடரைப் புளியந்தோப்பிலிருந்து அகற்றி நகருக்கு வெளியே குடியமர்த்தும் யோசனையும் நீதிக்கட்சித் தரப்பிலிருந்து எழுந்தது. தலித் வரலாற்று எழுத்து இதைத் தியாகராயரின் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. பாதுகாப்பு கருதிச் சொல்லப்பட்டது என்று அவரது ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அந்த வாதத்தை ஏற்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: தாக்கியவரை விட்டுவிட்டுத் தாக்கப்பட்டவரை இடம் மாற்றுவது எந்த வகைப் பாதுகாப்பு? கண்ணகி நகர் வரை, பெரும்பாக்கம் வரை, ஒவ்வொரு வெளியேற்ற வழக்கிலும் நம் மக்களின் நலனுக்காகவே என்ற சொற்களை நாம் கேட்டுவருகிறோம்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரட்டை ஆட்சியில் காவல்துறை அமைச்சர்களின் கையில் இல்லை. அது ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு நீதிக்கட்சி அமைச்சரவை சட்டப்படி பொறுப்பாகாது. ஆனால் எழுதியதற்கும் பேசியதற்கும் அது பொறுப்பாகும். இன்னொன்றும் உறுத்துகிறது. தியாகராயர் ஒரு முதலாளி, வணிகர்களின் தலைவர். ஆலைத் தகராறில் அவரது கட்சி முதலாளி பக்கம் சாய்ந்திருந்தால் வர்க்கக் காரணம் சொல்லியிருக்கலாம். அது சாய்ந்ததோ சாதி இந்துத் தொழிலாளர் பக்கம். வர்க்கம் சொன்ன இடத்தில் கட்சி நிற்கவில்லை, சாதி சொன்ன இடத்தில் நின்றது.

1921 செப்டம்பரில் வந்த முதல் வகுப்புவாரி ஆணையின் வகைப்பாட்டில் பார்ப்பனரல்லாத இந்துக்கள் என்ற தலைப்பு இருந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தலைப்பு இல்லை. பன்னிரண்டில் ஓர் இடம் என்று நமக்குத் தனிப்பங்கு எழுதப்பட்டது 1927இன் ஆணையில்தான். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி அன்று. 1923இல் ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். 1937 வரை சென்னை மாகாணத்தில் ஒரு தலித் அமைச்சரும் இல்லை. எனினும் 1924இல் பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் அனைவருக்கும் திறந்துவிடும் இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் நிறைவேறியது இதே நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில்தான். ஒற்றை வரித் தீர்ப்புக்கு இந்தக் கட்சி இடம் தருவதில்லை.

தியாகராயரின் கடைசி ஆண்டுகள் கட்சியை ஒட்டவைப்பதில் கழிந்தன. ஜமீன்தார்களின் கட்சி, தெலுங்கர்களின் கட்சி என்ற முணுமுணுப்பு உள்ளேயே எழுந்தது. 1923 தேர்தலில் இடங்கள் குறைந்தன, நவம்பரில் சி.ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 65க்கு 44 என்ற கணக்கில் அமைச்சரவை கடந்தது. 1925இல் தியாகராயர் மறைந்தார். பனகல் அரசர் கட்சித் தலைமையை ஏற்றார். நகரின் மேற்கில் ஏரியைத் தூர்த்து எழுந்த புதிய குடியிருப்புக்குத் தியாகராயர் பெயர் வைக்கப்பட்டது.

நாம் அவரை நினைக்க விரும்பும் இடம் ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளி. 1920இல் மாநகராட்சித் தலைவராக அவர் முன்வைத்து ஏற்கப்பட்ட திட்டத்தின்படி அங்கே பிள்ளைகளுக்கு மதிய உணவு தரப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பசியால் பள்ளிக்கு வராத ஏழைப் பிள்ளைகளை வரவைப்பதே நோக்கம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1671ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட முடியாது என்று அரசு சொன்னதால் 1925 ஏப்ரல் 1 அன்று அந்த உணவு நின்றது. இரண்டாண்டுகள் கழித்து, 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு அது மீண்டும் வந்தபோது தியாகராயர் உயிரோடு இல்லை.